திருமேனிக் காட்சி



திருவெண்காட்டு விடையூர்திப் பெருமானது செப்புத் திருமேனியைப் படத்திலேனும் கண்டறியாதார் சைவருள் அரியர். நூல்களின் முகப்பிலும், நாட்காட்டிகளிலும், இக்காலத்துக் கைப்பேசிகளிலும் அத்திருவுருவின் நிழற்படம் உலவி வருகின்றது. அப்படத்தை அறிந்தார் அத்திருமேனியை அறிந்தாராவரோ என்பதே அடியேன் இன்று எடுத்துக்கொண்ட வினா. இது சிற்பக்கலையைப் பற்றியதோர் வினாப்போலத் தோன்றினும், உண்மையில் நம் ஆசிரியர் அருணந்தி சிவாசாரியர் தம் நூலின் தொடக்கத்தே வைத்தோதிய அளவையைப் பற்றியதேயாம். ஆகலின் அதனை அளவைநெறி நின்றே ஆராய்தல் முறையாகும்.

சிவஞானசித்தியார் காட்சியளவையை விளக்குமிடத்து, ஐயத்தையும் திரிபையும் விலக்கி, எஞ்சிய மெய்க்காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என இருநிலைப்படுத்துகின்றது. மாலைப்பொழுதில் ஒருவன் வயல்வரப்பின்மேல் ஏதோ ஒன்று நிற்கக் காண்கின்றான் என்க. 'ஒன்று உளது' என்னும் உண்மை மாத்திரையே முதற்கண் அவனுக்குப் புலனாகின்றது, இது நிருவிகற்பம். குற்றியோ மகனோ என ஐயுற்று, அணுகிச் சென்று, இவன் இன்ன பெயரினன், இன்ன இனத்தான், இன்ன குணத்தான், மடை திறக்கும் தொழிலான், கையில் மண்வெட்டியுடையான் என ஐவகையாலும் துணிகின்றான், இது சவிகற்பம். பொருள் முன்னும், பெயர் முதலியன பின்னும் வருதலே இயற்கை வரிசை.

அச்சும் நிழற்படமும் பெருகிய பின்னர் இவ்வரிசை தலைகீழாயிற்று. பெயரும், காலமும், செய்த அரசர் மரபும், சிறப்பும் முன்னரே வந்து நம் உள்ளத்திற் குடிபுகுந்துவிடுகின்றன. பொருள் நெடுங்காலங் கழித்தே வருகின்றது. பலர்க்கு வாராமலே போகின்றது. பெயரை அறிந்தமையாற் பொருளை அறிந்தேம் எனச் செருக்குதலும், நேரே சென்றவிடத்தும் முன்னறிந்த பெயரையே மீளக்கண்டு திரும்புதலும் இதனால் விளைவன. கண் திறந்திருப்பினும் காட்சி நிகழாமை இதுவேயாம்.

இனி அத்திருமேனியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதும். காவிரி கடலொடு கலக்கும் நாட்டிலே, சீகாழிக்குத் தென்கிழக்கே, மூவர் பாடலும் பெற்ற திருவெண்காடு விளங்குகின்றது. முதலாம் இராசராச சோழனது 26-ஆம் ஆட்சியாண்டாகிய 1011-இல் அத்திருக்கோயிற் கல்வெட்டு விடையூர்திப் பெருமானைக் குறிப்பிடுகின்றது. அடுத்த ஆண்டிலே உமைப்பிராட்டியாரது திருமேனி எழுந்தருளுவிக்கப்பெற்றது. பிற்காலத்தே, பகைவர் வரவஞ்சிப் பல திருக்கோயில்களிற் செய்தவாறே, இத்திருமேனிகளையும் மண்ணுட் புதைத்துக் காத்தனர் எனக் கருதுவர். 1950-களின் தொடக்கத்தில் அவை மீண்டும் வெளிப்பட்டன. அவற்றுள் விடையூர்திப் பெருமானும் பிராட்டியாரும் தஞ்சை அரண்மனையில் 1951-இல் தோன்றிய கலைக்கூடத்தில் வைக்கப்பெற்றனர். பெருமான் சாய்ந்து நின்ற விடை மட்டும் கிடைத்திலது.

சித்தாந்திகளாகிய நமக்குத் திருவெண்காடு பிறிதுமொரு தொடர்புடையது. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குருவினிடத்துச் சென்று, தேவாரத் திருமுறையிற் கயிறு சார்த்திப் பார்த்தபொழுது, திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருவெண்காட்டுத் திருப்பதிகமே வந்தது. அவர் அங்குச் சென்று முக்குளநீராடி வழிபட்டுப் பெற்ற பிள்ளைக்கு அத்தலத்து இறைவன் பெயரையே இட்டுச் சுவேதவனப்பெருமாள் என அழைத்தார். அப்பிள்ளையே பின்னர்ப் பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்றுத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டதேவராய் விளங்கியவர். விடையூர்திப் பெருமான் அத்தலத்தில் எழுந்தருளி ஏறத்தாழ இருநூறாண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. மெய் என்னும் சொல் உண்மையையும் உடம்பையும் உணர்த்துவதாகலின், நம் சந்தானத்து முதலாசிரியரது திருப்பெயரே இன்றைய வினாவிற்கு வழிகாட்டி நிற்கின்றது.

அடியேன் பன்னாள் இத்திருவுருவின் படத்தைக் கொண்டு விடையூர்திக் கோலத்தைப் பற்றிப் பேசியதுண்டு. 'சோழர்காலச் செப்புத் திருமேனிகளுள் தலைசிறந்தது. விடை இழக்கப்பட்டமையாற் குறைபட்டு நிற்பது' என்னும் இரண்டு கூற்றோடு விளக்கம் முடிந்துவிடும். நேரே காணாதபொழுதும் காண வேண்டுமென்னும் அவா எழவில்லை. அறிந்த பொருள்தானே என்னும் நினைவே அதற்குக் காரணம்.

ஒரு தைத்திங்களிலே, சம்பா அறுவடை நடக்கும் நாளில், தஞ்சைக்குச் சென்றிருந்தபோது அக்கலைக்கூடம் புகுந்தேன். திருமேனியின்முன் நின்றவுடன் உள்ளம் முன்னறிந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்தோதிற்று. ஓதி முடித்தவுடன் கால் அடுத்த திருமேனிக்குச் செல்ல எழுந்தது. அப்பொழுது இளைஞர் சிலர் கைப்பேசிகளை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு வழியை அடைத்து நின்றனர். வேறு வழியின்றி நின்றவிடத்தே நிற்க நேர்ந்தது. தடைபட்டு நின்ற அந்நிலையே காட்சிக்கு வாயிலாயிற்று.

பெருமான் திருமுடியிலே தலைப்பாகை சுற்றியிருப்பதாகவே படத்திற் கண்டிருந்தேன். அருகில் நின்று நோக்குந்தோறும் அஃது ஆடையன்று, சடையே என்பது தெளிந்தது. சடைப்புரி எனக் கொண்டவற்றுட் சில அசைவன போன்று கண்ணுக்கு வேறுபட்டன. மேலும் உற்றுநோக்க, சடையோடு சடையாய்ப் பிணைந்து கிடக்கும் பாம்புகள் அவை. கயிற்றைப் பாம்பென மயங்குதலைத் திரிபுக்கு உதாரணமாகப் பலகாற் சொல்லியிருக்கின்றேன். இங்கோ பாம்பைக் கயிறெனவும், சடையைத் துகிலெனவும் மயங்கியிருந்தேன். திரிபு பிறர்க்கு நிகழ்வதாகவே எண்ணிப் பாடஞ்சொன்னவனுக்கு, தன் திரிபு அங்கே கண்முன் அவிழ்ந்தது.

அளவும் அவ்வாறே. படத்தில் அத்திருமேனி மலைபோல ஓங்கியதாகவோ, உள்ளங்கையில் அடங்குவதாகவோ தோன்றும். படமெடுத்தான் கருத்தும் தாளின் பரப்புமே அதனை வரையறுப்பன. நேரிலோ அஃது ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுடையது. அச்சுறுத்தும் பெருமையுமின்றி, விளையாட்டுப் பாவையின் சிறுமையுமின்றி, வீதியில் எழுந்தருளி வருங்கால் வாயிலில் நிற்பார் வழிபடுதற்கு ஏற்ற அளவாய் அது நிற்கின்றது. ஓரடி பக்கத்தே பெயர்ந்து நிற்பின் இடையின் வளைவு வேறாகின்றது. மீண்டும் ஓரடி பெயரின் தோளின் தளர்வு வேறாகின்றது. படம் ஒரு நிலையிற் பிடித்து நிறுத்தியதனைத் திருமேனி பல நிலையில் விடுவிக்கின்றது.

இவ்வாறு நோக்கி நிற்குங்கால், முதியவர் ஒருவர் வந்து அருகில் நின்றார். தோளிலிருந்த துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு கைகூப்பினார். காலிற் சேறு உலர்ந்த வடுவும், கையிற் காய்ப்பும் அவரது தொழிலைக் கூறின. நெடும்பொழுது நோக்கியிருந்து, "மாடு எங்கே சாமி?" என்று அடியேனை வினவினார்.

"மாடு கிடைக்கவில்லை, பெரியவரே. இவரை மட்டுந்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள்" என்றேன்.

அவர் தலையசைத்து, "இல்லை சாமி, மாடு இங்கேதான் நிற்கிறது. மாடு இல்லாமல் இந்தக் கை இப்படி நிற்காது. காலும் இப்படி மடங்காது. உழவு விட்டு மாட்டின்மேல் கையைப் போட்டு நின்றால் கால் தானாக இப்படித்தான் போகும்" என்று கூறி, தம் கையை வெறுவெளியிற் பரப்பி, ஒரு காலை மற்றொரு காலின்மேற் குறுக்கே வைத்துக் காட்டினார், தாங்குவது ஒன்றும் இன்மையின் தள்ளாடினார், நகைத்துக்கொண்டே காலை ஊன்றிக்கொண்டார்.

அவர் தள்ளாடிய அக்கணத்திலே அடியேனுக்குத் திருமேனி முதன்முறையாகப் புலனாயிற்று. ஒரு திருவடி ஊன்றியும், மற்றொன்று அதற்குக் குறுக்கேயும் நிற்க, ஒரு திருக்கரம் வெறுவெளியில் எளிதாகத் தங்கியுள்ளது. அத்திருமேனியில் தள்ளாட்டம் சிறிதுமில்லை. ஆயின் அதனைத் தாங்குவது ஒன்று அங்கே உளதாதல் வேண்டும். கையும் காலும் ஆகிய காரியம் விடையாகிய காரணத்தைச் சான்றுகூறி நிறுவுகின்றது. புகைகண்டு தீயுண்மை துணிதல் போல, அம்முதியவர் கைகண்டு விடையுண்மை துணிந்தார். அடியேன் 'இழக்கப்பட்டது' என ஒரு சொல்லாற் கடந்துபோனதனை, அவர் 'இங்கே நிற்கிறது' என்று கண்டார். அடியேன்பாற் பெயர் ஐந்தும் இருந்தன. அவர்பால் காட்சியும், அக்காட்சியின் வழிப்பட்ட கருதலும் இருந்தன.

இங்கே ஒரு தடை நிகழும். படத்தாற் பயனில்லை என்பது பொருந்துமோ? சித்தாந்த தீபிகையில் 1912-இல் ஆனந்த குமாரசாமியார் சிவபிரான் திருக்கூத்தைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1918-இல் அப்பெயராலேயே வெளிவந்த அவரது நூலும் கடல்கடந்த நாட்டாரையும் அத்திருவுருவை நோக்கச் செய்தன. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோடின் என்பார் நிழற்படங்களை மட்டுங் கொண்டே 1913-இல் ஆடவல்லான் திருமேனியைப் பற்றி எழுதினார்; அவ்வெழுத்து 1921-இல் அச்சேறிற்று. நேரிற் காணாத அவர் அத்துணை உணர்ந்தமை எங்ஙனம் எனின், கூறுதும். அவர் வாழ்நாள் முழுதும் களிமண்ணையும் வெண்கலத்தையும் தம் கையால் அறிந்தவர். உடலின் பாரம் எக்காலில் இறங்கும், எத்தோளில் தளரும் என்பதனைப் பல்லாயிரம் முறை நேரிற் கண்டு பழகிய கண் அவருடையது. அந்நேர்க்காட்சியின் பயிற்சியே படத்திற்கு உயிரூட்டிற்று. தஞ்சையிற் கண்ட முதியவர்க்கும் அதுவே துணை: அவர் சிற்பம் பயின்றவரல்லர், மாட்டின்மேற் கைவைத்து நின்றவர். ஆகவே படம் பயனற்றதன்று; யாண்டேனும் நேரே கண்டு பழகாத கண்ணுக்கே அது பெயராய் ஒழிகின்றது.

பிறிதொரு தடையும் உண்டு. சைவர்க்கு அதுவே பெரிது. கலைக்கூடத்தில் திருமஞ்சனமில்லை, விளக்கில்லை, மந்திரமில்லை. அங்கே கண்டது சிற்பமேயன்றித் திருமேனியாமோ என்பர் நம்மவருட் சிலர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் திருக்கோயிலையும் முதல்வன் எனவே கண்டு வழிபடுக என விதிக்கின்றது. எங்கும் நிறைந்த முதல்வன் ஏனையிடங்களிற் பாலின் நெய்போல் மறைந்தும், அவ்விடங்களில் தயிரின் நெய்போல் வெளிப்பட்டும் நிற்பன் என்பது நம் ஆசிரியர் துணிபு. வழிபாடு அற்றவிடத்து அவ்வெளிப்பாடு குன்றும் என்பதனை அடியேன் மறுத்திலேன். அத்திருமேனி தன் திருக்கோயிலில் விளக்கொளியில் எழுந்தருளியிருக்கக் காணும் நாள் வருமாயின் உவப்பார் பலருள் அடியேனும் ஒருவன்.

ஆயினும் மற்றொரு புறத்தையும் நோக்குதல் வேண்டும். திருவிழாவில் எழுந்தருளும் மூர்த்தியைப் பட்டும், மாலையும், அணிகலனும் சூழ்ந்திருக்கத் திருமுகம் மட்டுமே காண்கின்றோம். அதன் இடையும் திருவடியும் எவ்வாறு நிற்கின்றன என்பதனைப் பல்லாண்டு வழிபட்டாரும் அறியார். கூடத்திலோ திருமேனி முழுதும் வெளிப்பட்டிருக்க, வழிபாடு மறைந்திருக்கின்றது. ஈரிடத்தும் ஒன்று விளங்க ஒன்று மறைகின்றது. ஆகலின் கோயிலிற் காண்பார் திருமஞ்சன காலத்தே திருமேனியை ஊன்றி நோக்கக் கடவர். கூடத்திற் காண்பார் கைகூப்பி நிற்கக் கடவர். முதியவர் துண்டை இடுப்பிற் கட்டிய அச்செயலால் அவ்விடம் அவர்க்குச் சந்நிதியாயிற்று. பக்கத்தே நின்ற அடியேனுக்கு அதுவரை அது காட்சிச்சாலையாகவே இருந்தது.

இத்திருமேனிகள் பிறக்கும் முறையும் ஈண்டு நினையத்தக்கது. சிற்பி முதற்கண் மெழுகினால் உருவமைத்து, அதன்மேற் காவிரியின் வண்டல்மண்ணைப் பூசி உலர்த்துகின்றான். அதனை நெருப்பில் வாட்ட மெழுகு உருகி ஒழுகிவிடும். மெழுகு நீங்கிய வெற்றிடத்தே உருக்கிய உலோகத்தை வார்க்க, அஃது அவ்வுருவாய் உறைகின்றது. பின்னர் மண்கருவை உடைத்தெடுத்தலின், ஒரு கருவில் ஒரு திருமேனியன்றி இரண்டு பிறவா. சுவாமிமலையில் இன்றும் இவ்வாறே வார்க்கின்றனர். நெல்லை விளைக்கும் அவ்வண்டலே திருமேனியையும் விளைக்கின்றது. படமோ ஒன்றைப்போல் ஒன்றாய்ப் பல்லாயிரமாகப் பெருகும். இரண்டாவதில்லாத ஒன்றன்முன் நிற்கின்றேம் என்னும் உணர்வு படத்தாற் கிடைப்பதன்று.

இனி முடிந்த பொருளுக்கு வருதும். அன்று கண்டவன் யார், காட்டினவர் யார்? கண் அதே கண். விளக்கும் அதே விளக்கு. திருமேனியும் அங்கேயே நின்றது. ஆயினும் முன்னர்க் காணாதது பின்னர்க் காணப்பட்டது. கண்ணானது தானே காணமாட்டாது; உயிர் உடனின்று அதற்குக் காட்டியும் தான் கண்டும் வருதலாலேயே காண்கின்றது. அவ்வாறே உயிரும் தானே அறியமாட்டாது. முதல்வன் உடனின்று காட்டியும் கண்டும் உபகரித்தலாலேயே அறிகின்றது என்பது பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து. வழியை அடைத்து நின்ற இளைஞரும், மாட்டை வினவிய முதியவரும் அக்காட்டும் உபகாரத்தின் கருவிகளாயினர். 'யான் கண்டேன்' என்று கூறுதற்கு அடியேன்பால் ஒன்றுமில்லை.

விடையை அறத்தின் உருவெனக் கொள்வதும், பசுவாகிய உயிரைக் குறிப்பதெனக் கொள்வதும் நம்மனோர் வழக்கு. உலகமாகிய காரியத்தைக் கண்டு காணப்படாத பதியின் உண்மையைத் துணிதல் முதற்சூத்திரம் கற்பிக்கும் நெறி. தஞ்சையில் நிற்கும் அத்திருமேனி இதனை எதிர்முகமாகத் திருப்பி வினவுகின்றது. இங்கே காணப்படுபவன் பதி, காணப்படாதது பசு. 'கடவுள் எங்கே' என வினவிப் பழகிய நம்மை நோக்கி, 'நான் சாய்ந்து நிற்கின்றேன். நீ எங்கே' என அத்திருக்கரம் வினவுகின்றது.

யாதொரு சார்பும் வேண்டாத முதல்வன் உயிரின்மேற் சாய்தல் பொருந்துமோ எனின், பொருந்தும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. மலத்தைச் சார்ந்து மலமேயாய்க் கிடந்த உயிர் தன்னைச் சாரும்பொருட்டு, முதல்வன் முற்படத் தான் அதனைச் சார்ந்தாற்போல எளிவந்து நிற்கின்றான். அது குறையன்று, கருணை. திருக்கரத்தின்கீழ் உள்ள அவ்வெற்றிடத்தை அடியேன் பல்லாண்டு குறைபாடு என்றே கூறிவந்தேன். அது குறைபாடன்று, உழைத்து வந்த உயிர் வந்து நிற்றற்கு ஒழித்துவைத்த இடம். முதியவர் அங்கே நிற்பதனைக் கண்டார். ஏனெனின் அவர் நாடோறும் அவ்விடத்தைத் தம் மாட்டினருகே அறிந்தவர்.

ஆதலின் மெய்யன்பர்காள், நும் ஊர்த் திருக்கோயிலிற் பலகாலும் கண்டு 'அறிவேம்' என விட்டுவைத்த திருமேனியினிடத்தே ஒருமுறை மீண்டுஞ் செல்க. பெயரைச் சிறிதுபொழுது வாயில் அடக்குக. படம் பிடித்தலைப் பின்னர் வைத்துக்கொள்க. ஓரிடத்து நின்றும், ஓரடி பெயர்ந்தும், பொழுது கழிதலை எண்ணாது நோக்குக. அருகில் நிற்கும் எளியார் ஏதேனும் வினவுவாராயின், விடைகூற விரையாது அவ்வினாவையும் உடன் நோக்குக. பின்னர் நூலை விரித்துப் பெயரையும், குணத்தையும், காலத்தையும் படிக்க. அப்பொழுது அப்பெயர்கள் பொருளை மறைக்குந் திரையாகாது, கண்ட பொருளுக்கு இட்ட விளக்காகும். காட்டுவான் என்றும் உடனிருக்கின்றான். காணுதற்கு நிற்றல் ஒன்றே நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.